உப்புக்கு இம்புட்டு காசா?

"உப்புன்னா உப்புதானே, ஒரு வாளிக்கு இவ்வளவு காசா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா சமையல் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. நம்ம தொட்டில இருக்கற பவளம் எலும்புக்கூடு கட்டணும்னா கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எல்லாம் வேணும்.

கடல்ல காரத்தன்மை சுமார் 7 டிகேஎச்தான். சில உப்புகள்ல பவளம் வேகமா வளரட்டும்னு 11, 12 வரைக்கும் ஏத்தி வச்சிருப்பாங்க. நானும் ஆசைப்பட்டு உப்பை மாத்தி, ஒரே நாள்ல பாதித் தண்ணியையும் மாத்தினேன். தொட்டில நைட்ரேட், பாஸ்பேட் வேற ரொம்பக் கம்மி. ரெண்டே வாரத்துல அக்ரோபோரா நுனியெல்லாம் வெளுத்துப்போச்சு. மூணு வருஷம் வளர்த்தது மக்களே!

அதனால என் கட்சி இதுதான்: எல்லாருக்கும் ஒசத்தியான உப்புன்னு ஒண்ணு கிடையாது. உங்க தொட்டித் தண்ணி நல்லா இருக்கும்போது என்ன அளவு காட்டுதோ, அதை ஒட்டி வர்ற உப்புதான் உங்களுக்கு நல்ல உப்பு. மாத்தியே ஆகணுமா? வாரத்துக்குப் பத்து சதவீதம்னு மெதுவா மாத்துங்க. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 வந்ததும் காரத்தன்மையையும் அளந்துடுங்க. வாளி மேல போட்டிருக்கற எண்ணை மட்டும் நம்பாதீங்க.

தங்கமணிக்கு பதிலா? இன்னும் சொல்லல. சொன்னா பவளத்தோட விலையையும் கேப்பாங்களே!