‘ஆர்பிஏசி ஆன், கிளஸ்டர் சேஃப்’

கிளவுடில் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் வைத்திருக்கும் இடங்களில் பல ஆண்டுகளாக ஒலிக்கும் முழக்கம் இது. விற்பனைப் பேச்சில் தொடங்கித் தணிக்கைப் படிவம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

ரோல்வழி அனுமதி முறையான ஆர்பிஏசி ‘ஆன்’ ஆகியிருப்பது முதல் பெருமை. 2017-இல் வந்த 1.8 பதிப்பிலேயே நிலைபெற்ற வசதி அது. இன்று அது இல்லாத கிளஸ்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மற்றதைக் கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த ஆறுதல். ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்பதை எழுதுவது வாடிக்கையாளர்தான். கூகுளின் ஜிகேஇ-யில் ‘சிஸ்டம்:ஆதென்டிகேட்டட்’ குழுவைத் தங்கள் ஊழியர்கள் என்று எண்ணி அனுமதி வழங்கியவர்கள் உண்டு. கூகுள் கணக்கு உள்ள எவரும் அந்தக் குழுவில் சேர்த்தி என்பது 2024 ஜனவரியில்தான் பலருக்கு உறைத்தது.

மூன்றாவது வாதம்தான் எல்லாரையும் நிம்மதியாகத் தூங்கவைப்பது: “டெவலப்பருக்கு சீக்ரெட் பார்க்க அனுமதியில்லை, பாட் உருவாக்க மட்டுமே.” அவர் சீக்ரெட்டைக் கேட்டால் ‘ஃபர்பிடன்’ என்று பதில் வரும். படிவத்தில் டிக் விழும். அதே டெவலப்பர் பத்து வரி யாமலில் ஒரு பாட் எழுதி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள சீக்ரெட்டை அதற்குள் மவுன்ட் செய்கிறார். பாட் உருவாக்க இவருக்கு உரிமை உண்டா என்று மட்டுமே ஏபிஐ சர்வர் பார்க்கிறது. சீக்ரெட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையைக் குபெலெட் தன் அடையாளத்தில் செய்துவிடுகிறது. பாட் ஒரு வரியை அச்சிட, பாஸ்வேர்டு லாகில் வந்து நிற்கும். இதில் ஊடுருவல் எதுவும் இல்லை. குபெர்னெட்டிஸின் சொந்த ஆவணமே எச்சரிக்கும் இயல்பான நடத்தை இது. அந்தப் பாட், தான் இருக்கும் நேம்ஸ்பேஸில் உள்ள எந்த சர்வீஸ் அக்கவுன்ட்டையும் போர்த்திக்கொள்ளலாம். டெப்ளாய்மென்ட் கருவிக்கென்று யாரோ கிளஸ்டர்-அட்மின் கொடுத்த அக்கவுன்ட் அங்கே இருந்தால், கிளஸ்டர் முழுக்கக் கைக்கு வந்தாயிற்று. பாதுகாப்பான தேர்வு என்று ‘எடிட்’ ரோலைத் தருபவர்களுக்கு இந்தச் சுற்றுவழிகூடத் தேவையில்லை. சீக்ரெட் வாசிக்கும் உரிமை அதிலேயே இருக்கிறது. தவறாகக் கொடுத்ததை இன்னொரு விதியால் மறுக்கவும் முடியாது: ஆர்பிஏசி-யில் அனுமதி கூடிக்கொண்டே போகும், ‘கூடாது’ என்று எழுத இடமே இல்லை. எல்லை வேண்டுமென்றால் நேம்ஸ்பேஸைப் பிரித்து வைப்பதில்தான் அது தொடங்கும்.

“வேலையை விட்டுப் போனவரை நீக்கிவிட்டோம்” என்பது கடைசி. எங்கிருந்து? குபெர்னெட்டிஸில் பயனர் என்றொரு பதிவே கிடையாது. ஒரு கிளையன்ட் சான்றிதழை மட்டும் அதன் காலம் முடியும்வரை தனியே ரத்துசெய்ய முடியாது. அதில் குழுவின் பெயர் ‘சிஸ்டம்:மாஸ்டர்ஸ்’ என்றிருந்தால் எந்த ரோலை நீக்கியும் பயனில்லை. அமேசானின் இகேஎஸ்-இல் கிளஸ்டரை உருவாக்கியவருக்கே ஓசையின்றி முழு அதிகாரம் போய், ‘ஏடபிள்யூஎஸ்-ஆத்’ பட்டியலில் அது தெரியாமலே இருந்தது. பார்த்து நீக்கும் வழி 2023 டிசம்பரில் ‘அக்சஸ் என்ட்ரி’ வந்தபிறகே கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ்-இல் லோக்கல் அக்கவுன்ட்டுகளை முடக்கலாம். ஏற்கெனவே கைமாறிய அட்மின் சான்றிதழ்களுக்கு அதுவும் பற்றாது, கிளஸ்டரின் சான்றிதழ்களையே மாற்ற வேண்டும்.