ஒரு வயர் சொருகினா போதுமாம்!

“டிவிஆர்ல இருந்து ரவுட்டருக்கு ஒரு வயர் சொருகினா போதும் சார். உலகத்துல எந்த மூலையில இருந்தும் வீட்டைப் பார்க்கலாம். பாஸ்வேர்டு இருக்கு, பயமே இல்ல.”

கேமரா மாட்டும் கடைகளின் நோட்டீஸில் பல வருடங்களாக இதைப் படித்து வருகிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே சொன்னார். கைதட்டல் வேறு. வீட்டு இணைய இணைப்புகளைச் சரிசெய்து பிழைக்கிறவன் நான். அங்கேயே எழுந்து பேசியிருக்கலாம். அதற்குள் போண்டா வந்துவிட்டது. ஆகவே இங்கே.

முதலில் அந்த ‘ஒரு வயர்’. டிவிஆர் என்பது கேமராப் படத்தைப் பதியும் பெட்டி. டாஹுவா வகைப் பெட்டி 192.168.1.108 என்ற முகவரியோடு கடையிலிருந்து வரும். உங்கள் ரவுட்டரோ 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பச்சை விளக்கு அழகாக மினுக்கும், படம் மட்டும் வராது. பிறகு எனக்குப் போன் வரும். என் பிழைப்பே இதில் ஓடுவதால் இந்தப் பொய்யின் மீது எனக்குப் பெரிய கோபமில்லை.

அடுத்து, ‘எந்த மூலையில் இருந்தும்’. இன்று பல இணைய நிறுவனங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி தருவதில்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் டிவிஆரை எட்ட முடியாது. அப்படியானால் துபாயில் இருக்கும் மகன் எப்படிப் பார்க்கிறான்? டிவிஆர் தானாகவே ஆப்காரனின் சர்வரைத் தொடர்புகொண்டு இரவும் பகலும் அங்கே காத்துக்கிடக்கிறது. மகனின் போனில் உள்ள ஆப்பும் அதே சர்வரில் விசாரித்துத்தான் பெட்டியைப் பிடிக்கிறது. கியூஆர் கோடைக் காட்டியதும் படம் வருகிறதே, அந்த வித்தை இவ்வளவுதான். அந்த சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று எழுத நோட்டீஸில் இடம் போதவில்லை போலும்.

சில கெட்டிக்காரர்கள் இது வேண்டாம் என்று மாதம் கூடுதல் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி என்ற மாறாத பொது முகவரி வாங்கி, வெளியிலிருந்து வருவதையெல்லாம் டிவிஆருக்கே அனுப்பும் டிஎம்இஸட் அமைப்பில் அதைப் போட்டுவிடுகிறார்கள். அதாவது, காசு கொடுத்து வாசற்கதவைக் கழற்றி வைக்கிறார்கள்.

இனி ‘பாஸ்வேர்டு இருக்கு’. இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவிக்கு மேலே பரணில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் லினக்ஸ் ஓடுகிறது. லேப்டாப்புக்கு மாதந்தோறும் அப்டேட் வருகிறது. இதற்கு வாங்கிய நாளோடு சரி. 2016இல் மிராய் என்றொரு நிரல் கிளம்பியது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் வாசல் திறந்திருக்கும் பெட்டிகளை இணையம் முழுக்கத் தேடி, கையில் வைத்திருந்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். admin, 12345 ரகம்தான், பெரிய மூளை எதுவும் இல்லை. அதற்கே லட்சக்கணக்கான டிவிஆர்களும் கேமராக்களும் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அப்படிப்பட்ட பெட்டிகள் கூட்டமாக இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது பாய்ந்தன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியவர்கள் உளவாளிகளும் இல்லை, ராணுவமும் இல்லை. மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்கிக் காசு பார்க்கும் தொழிலில் இருந்தவர்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

“நாங்க பாஸ்வேர்டை மாத்திட்டுத்தான் சார் கொடுப்போம்” என்பார்கள். எதை மாற்றினீர்கள்? அப்போது சிக்கியவற்றில் பல, ஹாங்ஜோவின் ஷியோங்மாய் நிறுவனத்து மின்சுற்றுப் பலகை வைத்தவை. அவற்றில் டெல்நெட்டின் ரூட் பாஸ்வேர்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்தது. நீங்கள் திரையில் மாற்றியது வேறு பாஸ்வேர்டு. 2018இல் வியன்னாவின் எஸ்இசி கன்சல்ட் ஆய்வாளர்கள் இதே நிறுவனத்துப் பெட்டிகளைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் எக்ஸ்எம்ஐ சேவையைக் குடைந்தார்கள். பெட்டியின் அடையாள எண் மேக் முகவரியிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தது, ஊகிக்கலாம். அட்மின் பாஸ்வேர்டு காலி. அது போக, எந்தக் கையேட்டிலும் இல்லாத ‘டிஃபால்ட்’ என்ற பயனர் ஒருவர் உள்ளே குடியிருந்தார். அதே ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் அவருடைய பாஸ்வேர்டு. சிரிக்காதீர்கள். இந்தப் பலகை பல பிராண்டுப் பெயர்களில் விற்றது. உங்கள் பெட்டியில் ஊர்க்கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம், உள்ளே இருப்பது இதுவாக இருக்கலாம். பெரிய பிராண்டு வாங்கினேன் என்பவருக்கு: ஹிக்விஷன் கருவிகளில் 2021இல் வெளியான ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

சரி, ஷியோங்மாயை விடுங்கள். ஒருநாள் ஒரு கேமராக்காரர் தன் போனில் ஆப்பைத் திறந்து காட்டினார். வரிசையாகப் பெயர்கள்: டாக்டர் வீடு, மெடிக்கல், கல்யாண மண்டபம், அக்கா வீடு, பெண்கள் ஹாஸ்டல் வாசல். அவர் மாட்டிக்கொடுத்த அத்தனை பெட்டியும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. கடைப் பெயர், பின்னால் 123. “கம்ப்ளெய்ண்ட் வந்தா உடனே பார்க்க வசதி சார்” என்றார், பெருமையாக. கெட்டவர் இல்லை. போனைத் தொலைத்தாலோ, வேலையாளைக் கோபத்தில் அனுப்பிவிட்டாலோ என்ன ஆகும் என்று கேட்டேன். டீ சொல்லட்டுமா என்றார்.

“நம்ம வீட்டுல பார்க்க என்ன இருக்கு?” ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே பரிசோதனைக்கு வந்த பெண்களின் கேமராக் காட்சிகள் யூடியூபில் வெளியாகி டெலிகிராமில் விலைக்கு வந்தது 2025 பிப்ரவரியில் தெரியவந்தது.

“திருடன் டிவிஆரையே தூக்கிட்டுப் போனா?” தூக்கிக்கொண்டு போனால் போனதுதான். ஆப்பில் பார்க்க முடிவதால் பதிவு வேறெங்கோ சேமிப்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஹார்டு டிஸ்க் அந்தப் பெட்டிக்குள்தான்.

“போலீஸே கேமரா மாட்டச் சொல்லுது.” மாட்டுங்கள். அவர்கள் வந்தால் பென் டிரைவில் எடுத்துப் போவார்கள், அதற்கு இணையம் தேவையில்லை.

“இப்பல்லாம் அரசாங்கம் டெஸ்ட் பண்ணித்தான் விக்க விடுது.” 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம், உண்மை. உங்கள் பரணில் இருப்பது எந்த வருடத்தது?

வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள், கருவிகள் தாமாக வாசல் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை ரவுட்டரில் அணைத்துவிட்டு, டிவிஆரில் நுழைந்தவன் மற்றவற்றை எட்டாதபடி இன்னொரு ரவுட்டர் வாங்கி, வீட்டுக் கணினிகளையும் போன்களையும் அதற்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். டிவிஆர் வெளி ரவுட்டரிலேயே கிடக்கட்டும். மாற்றிப் போட்டால் பயனில்லை. இரண்டாவது ரவுட்டருக்கு யார் காசு கொடுப்பது என்று சங்கத்தில் கேட்பார்கள். ஸ்டேட்டிக் ஐபிக்குக் கொடுக்கிறீர்களே.

எங்கள் தெருவில் ஆப்பைத் தினமும் திறந்து பார்ப்பவர் யாரையும் எனக்குத் தெரியாது. முதல் வாரம் உறவினர் எல்லோருக்கும் காட்டுவார்கள், அப்புறம் பாஸ்வேர்டே மறந்துபோகும். அப்படிப்பட்ட வீடுகளில் அந்த வயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் பதிவு நின்றுவிடும் என்று கேமராக்காரர் சொன்னால் நம்பவேண்டாம், நிற்காது. இணையம் இல்லாமல் நேரம் தானாகச் சரியாகாது என்பதால், டிவிஆரின் கடிகாரத்தை மட்டும் மாதம் ஒருமுறை கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.