சாலை சின்னதாகட்டும், ஊர் ஏன் சின்னதாக வேண்டும்?

போன வாரம் அண்ணன் மகன் மரக்காணத்துக்கு வந்திருந்தான். இடையன்சாவடியில் பெண் எடுத்தவன், அங்கேயே தங்கி ஆரோவில்லில் கொத்தனார் வேலை பார்க்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டான்: "சித்தப்பா, வட்ட ரோடு முழுசா போட்டா எங்களுக்கு நாலு வருஷம் வேலை இருக்கும். போடலைன்னா மரம் இருக்கும். நான் எந்தப் பக்கம் கை தூக்கணும்?"

"உன்னை யார்டா கை தூக்கச் சொன்னாங்க?" என்றேன். சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1968 பிப்ரவரி 28 அன்று நானும் அந்த இடத்தில் நின்றேன். பதினெட்டு வயது. பிரெஞ்சு வழியில் படித்த பையன்கள் நாங்கள் ஆறு பேர் புதுச்சேரியிலிருந்து போனோம். செம்மண், பனை, ஒரு ஆலமரம், அவ்வளவுதான் ஊர். 124 நாடுகளின் இளைஞர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து பளிங்குத் தாழியில் போட்டார்கள். அன்னை ஆசிரமத்திலிருந்தபடியே சாசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தது வானொலி வழியே ஒலிபெருக்கியில் வந்தது. சுற்றி நின்ற கிராமத்து ஜனங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். இந்த ஊர் தனிப்பட்ட யாருக்கும் சொந்தமில்லையாம், மனுஷ குலத்துக்கே சொந்தமாம் என்று சொன்னேன். "அப்ப நமக்கும்தானே?" என்றார். ஆமாம் என்றேன். ஐம்பத்தேழு வருஷமாக அந்த 'ஆமாம்' எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

திட்டத்தை வரைந்தவர் ரொஜே ஆன்ழே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். (தமிழ்ப் பத்திரிகைகள் 'ரோஜர் ஆங்கர்' என்று எழுதுகின்றன; என் வாத்தியார் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.) க்ரெனோபிள் நகரத்தில் வானளாவிய மூன்று குடியிருப்புக் கோபுரங்களைக் கட்டியவர். ஆரோவில்லுக்கு அவர் போட்ட படம் பால்வெளி மண்டலம் மாதிரி சுழலும். நடுவில் மாத்ரிமந்திர், அதைச் சுற்றி வட்டச் சாலை, அதிலிருந்து கதிர்போல் பிரியும் அடுக்குமாடி வரிசைகள், வெளியே பசுமை வளையம். மொத்தம் 50,000 பேர் வாழ வேண்டிய நகரம். இன்று இருப்பவர்கள் சுமார் 3,300 பேர்.

சண்டை இதில்தான். ஒரு கட்சி, "படத்தில் உள்ளபடி கட்டு, சாலையைப் போடு" என்கிறது. மறு கட்சி, "படம் போட்டபோது இங்கே மரமில்லை, இப்போது காடு இருக்கிறது; சாலையைக் குறுக்கு, வளைத்துப் போ, நகரத்தையும் சின்னதாக்கு" என்கிறது. 2021 டிசம்பரில் ஜேசிபி வந்து மரங்களைச் சாய்த்தது. பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2022 ஏப்ரலில், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டு மேற்கொண்டு செய் என்றது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பு வந்ததும் ஒரு கட்சி இனிப்பு கொடுத்தது போலவும், மறு கட்சி துக்கம் காத்தது போலவும் ஆளாளுக்கு எழுதினார்கள். தீர்ப்பில் அலசப்பட்டது தீர்ப்பாயத்துக்கு இதில் அதிகாரம் உண்டா, சட்டப்படி ஒப்புதல் பெற்ற திட்டத்தைத் தடுக்கலாமா என்பது. இந்த நகரம் யாருக்காக என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் வழக்குப் போடவில்லை.

முதலில் ஜேசிபி கட்சிக்கு. நான் முப்பத்தாறு வருஷம் கோப்பு தூக்கியவன். கோப்பில் முதலில் பார்ப்பது தேதி. உங்கள் மாஸ்டர் பிளானின் தலைப்பிலேயே '2025' என்ற இலக்கு ஆண்டு இருக்கிறது. மத்திய அரசு ஒப்புக்கொண்டது 2001, அரசிதழில் வந்தது 2010. இலக்கு ஆண்டு வந்து போய்விட்டது. 50,000 பேரில் 15-ல் ஒரு பங்குகூட வரவில்லை. தவணை முடிந்த காகிதத்தை வேதம்போல் தூக்கிக் காட்டினால் எந்தச் சூப்பரின்டென்டென்டும் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். அதோடு, சாலை போட்டால் ஜனம் வருமா? குடியேற வருபவருக்குத் தங்க வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று ஆரோவில்காரர்களே பல வருஷமாகச் சொல்கிறார்கள். வீட்டைக் கட்டாமல் வீதியைப் போடுவது, பெண் பார்க்காமல் பந்தல் போடுவது.

எங்கள் உப்பளத்தில் கடல் தண்ணீரை நேராகக் கடைசிப் பாத்தியில் விட மாட்டார்கள். மூன்று டிகிரியில் உள்ளே வருகிற தண்ணீர் பாத்தி பாத்தியாக நின்று, வெயில் குடித்து, இருபத்தைந்து டிகிரி வரும்போதுதான் உப்பு பூக்கும். அந்த டிகிரிக்குப் பெயர் போமே. அவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், மருந்துக் கடைக்காரர். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் தண்ணீரை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். அவசரப்பட்டு மடையைத் திறந்தவன் பாத்தியில் சேறுதான் அள்ளுவான்.

இனி மரக் கட்சிக்கு. உங்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 1968-ல் நான் பார்த்த செம்மண் மேட்டில் மழை பெய்தால் மண் ரத்தம்போல் ஓடும். அதை வரப்புக் கட்டி நிறுத்தி, மரம் வைத்துக் காடாக்கியது சாதாரண வேலையில்லை. அந்த மேட்டில் விழுகிற மழையில் ஒரு பங்கு வடக்கே கழுவெளிக்கு வருகிறது. அங்கே மண் அரித்தால் இங்கே ஏரி தூர்ந்துபோகும். அந்த 2021 டிசம்பரில்தான் தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, வானூர், மரக்காணம் இரண்டு வட்டங்களிலுமாக 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. ஒரே மாதத்தில் கீழே ஏரிக்குக் காவல், மேலே காட்டுக்கு ஜேசிபி. இதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் உங்கள் பேச்சின் மறு பாதி எனக்குக் கசக்கிறது. "சாலை சின்னதாகட்டும்" என்று ஆரம்பித்து, "ஆட்களும் இவ்வளவு போதும்" என்று முடிக்கிறீர்களே, அது என்ன நியாயம்? குயிலாப்பாளையம், கோட்டக்கரை, ஆலங்குப்பம், இடையன்சாவடிக்காரர்கள் காணி காணியாக அன்றைய விலைக்கு நிலத்தைக் கைமாற்றியது 50,000 பேருக்கு ஊர் வருகிறது என்று கேள்விப்பட்டு. மூவாயிரம் பேர் காட்டுக்குள் நிம்மதியாக இருக்கட்டும் என்றா? தினமும் காலையில் சுற்று கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆண்களும் பெண்களும் சைக்கிளிலும் பைக்கிலும் உள்ளே போகிறார்கள். சாயங்காலம் வெளியே வந்துவிடுகிறார்கள். மனுஷ குலத்தின் நகரத்தில் மனுஷ குலம் எட்டு மணி நேர ஷிப்ட்!

புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை ஊர், மேற்கே கறுப்பு ஊர். சமையல்காரரும் தோட்டக்காரரும் காலையில் வாய்க்காலைத் தாண்டுவார்கள், இரவு திரும்புவார்கள். பிரேசில் நாட்டில் பிரசிலியா என்று ஒரு தலைநகரைப் படம் போட்டுக் கட்டினார்கள். 1960-ல் திறப்பு விழா. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1958-ல், கட்டட வேலைக்கு வந்தவர்களுக்காக டகுவாடிங்கா என்ற துணை ஊரைத் தள்ளி அமைக்க வேண்டியதாயிற்று. படத்தில் வேலைக்காரனுக்கு வீடு இல்லை. விமானம் போல வடிவம், பால்வெளி போல வடிவம் எல்லாம் மேலிருந்து பார்க்க அழகு. சித்தாளுக்கு ஏது மேலிருந்து பார்க்கிற நேரம்!

பெரிய நகரம் என்றால் தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. வானூர் மணற்கல் அடுக்கில் போர்வெல் போட்டு உறிஞ்சி உறிஞ்சிக் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை எங்களைவிட யார் அறிவார்? பாத்தியில் வர வேண்டிய உப்பு குடத்தில் வந்தால் என்ன செய்வது? ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் எங்கள் உப்பளமெல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்ததே! மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர். தண்ணீர் இல்லாத பூமி இல்லை இது, தண்ணீரைத் தேக்கத் தெரியாத பூமி. 50,000 என்பது அதிகம் என்றால், ஏரிக்கணக்கு, கிணற்றுக்கணக்கு போட்டு 20,000 என்றோ 15,000 என்றோ சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது கணக்காகாது.

என் அபிப்பிராயம் இதுதான். சாலை குறுகலாகட்டும், மரத்துக்கு வளைந்து போகட்டும். பஸ்ஸும் சைக்கிளும் போனால் போதும். வீடுகளை நடுவில் நெருக்கமாக, மூன்று நான்கு மாடியாகக் கட்டுங்கள், காட்டைத் தொட வேண்டியிருக்காது. முதல் நூறு வீட்டில் பாதி அங்கேயே வேலை செய்கிற குடும்பங்களுக்கு. "ஆரோவில்வாசி ஆக வேறு தகுதி வேண்டும்" என்று யாராவது எழுதினால், அந்தத் தகுதி முப்பது வருஷம் அங்கே சுவர் எழுப்பியவனுக்கு ஏன் இல்லை என்று தமிழில் விளக்கட்டும்.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இனி எழுதப்போகும் மாஸ்டர் பிளான் வரைவு தமிழில் அச்சாகி, பொம்மையார்பாளையத்திலும் இரும்பையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அறுபது நாள் தொங்க வேண்டும். கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். 1968-ல் ஆலமரத்தடியில் மொழிபெயர்க்க நான் ஒருவன் இருந்தேன். எல்லாருக்கும் அப்படி ஒரு பையன் கிடைக்க மாட்டான்.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "எழுதிக் குடுங்க சித்தப்பா, கையெழுத்து வாங்கிடறேன்" என்றான். மனு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம், தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அவனிடமே நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன், கைநாட்டுக்கும்.