மண்டபத்துக்கு முன் கேட்க வேண்டியவர்கள்

பள்ளிபாளையம் வட்டாரத்தில் திருமணம் நிச்சயமானதும் இரு வீட்டாரும் முதலில் தேடிப்போவது மண்டபத்தைத்தான். காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு என்பதால் அக்கரை மண்டபங்களையும் பார்த்து, முன்பணம் கொடுத்த பிறகே மற்ற ஏற்பாடுகளில் இறங்குகின்றனர். கொங்கு வேளாளர் முறைப்படி மணம் செய்துகொள்ள விரும்பும் இணையர் இந்த வரிசையை மாற்றி, சீர் செய்பவர்களின் ஒப்புதலை முதலில் பெறுவது நல்லது. கொங்கு நாட்டில் சீர் என்பது திருமணத்தின் ஒவ்வொரு சடங்கையும் குறிக்கும்.

அம்மரபில் மணத்தை நடத்திவைப்பவர் அருமைக்காரர், அதாவது தமக்கெனத் தனிச்சீர் செய்யப்பெற்று அத்தகுதியை அடைந்த மணமான பெரியவர். வயது மட்டுமே இத்தகுதியைத் தந்துவிடாது என்பதால் வேறொருவரைக் கடைசி நேரத்தில் அமர்த்திவிட முடியாது. மங்கல வாழ்த்துப் பாடும் நாவிதருக்கும் இது பொருந்தும். மரபு கம்பர் பெயரில் வழங்கும் அந்த நெடும்பாடல் திருமணச் சீர்களையே வரிசையாக எடுத்துரைப்பது. அதை முழுமையாகப் பாட வல்லவரைக் கடைசியாக அழைத்து, ஒளிப்படத்துக்காக இடையில் நிறுத்தச் சொல்லி, முகூர்த்தம் முடிந்தபின் கூலியில் பேரம் பேசுவது அவருக்கும் பாட்டுக்கும் செய்யும் அவமதிப்பு. தேதியையும் தொகையையும் முன்பே மரியாதையுடன் பேசி முடிப்பதே முறை.

இணைச்சீர் இன்னும் கவனம் வேண்டுவது. மணமகனோடு அவருடைய உடன்பிறந்தவள் அமர்ந்து செய்யும் இச்சீரில், உடன்பிறந்தவள் இல்லாதபோது பெரியப்பா அல்லது சித்தப்பா மகள் அவ்விடத்தைப் பெறுகிறார். அவர் யார் என்பதை மண்டபத்தில் வைத்து முடிவு செய்ய முற்படும்போதுதான் மனத்தாங்கல் பிறக்கிறது.

நாட்கணக்கில் நடந்த சீர்கள் இன்று ஒரு மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் அடங்க வேண்டியிருக்க, அந்த மாலையையும் வரவேற்பு நிகழ்ச்சி எடுத்துக்கொள்கிறது. இரவு வெகுநேரம் வரை மேடையில் நின்ற மணமக்கள் தூக்கக் கலக்கத்தில் சீர்களுக்கு அமர்வது பரிதாபத்துக்குரியது. ஆகவே வரவேற்பைச் சுருக்கி, அருமைக்காரரோடு கலந்து ஒவ்வொரு சீருக்கும் நேரம் குறித்து, அதைச் சமையல்காரருக்கும் ஒளிப்படக்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சடங்குகளே வேண்டாம் என்னும் இணையருக்கும் சட்டத்தில் இடமுண்டு: 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடைபெறும் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது.

எம்முறையில் நடந்தாலும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். மண்டபம் ஈரோடு மாவட்டத்திலும் வீடு நாமக்கல் மாவட்டத்திலும் இருக்கும் இவ்வூரில், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்பதை முன்கூட்டியே விசாரித்து, அழைப்பிதழின் படி ஒன்றையும் வயது, முகவரிச் சான்றுகளையும் ஒரே உறையில் எடுத்துவைத்து, சாட்சிகளாக வரக்கூடியவர்களிடம் அலுவலகத்துக்குச் செல்லும் நாளையும் திருமணத்தன்றே பேசி முடித்துக்கொள்வது நல்லது.