அட்டையில் அடைபட்ட கலகம்

கலை வர்த்தகப் பண்டமாவது புதிய நிகழ்ச்சியன்று. றொக் இசையைப் பொறுத்தவரையில் அது வளர்ந்த களமே சந்தைதான். 1964 ஆம் ஆண்டில் பீற்றில்ஸ் குழுவினர் நால்வரையும் றெம்கோ என்னும் அமெரிக்க நிறுவனம் பொம்மைகளாக்கி விற்றது. 1978 ஆம் ஆண்டில் மெகோ நிறுவனம் கிஸ் குழுவினரை, அவர்தம் முகப்பூச்சோடும் மேடையுடையோடும், ஏறத்தாழ ஓரடி உயரப் பொம்மைகளாக வெளியிட்டது. ஆகவே, றொக் இசைஞரின் உருவப் பொம்மைகளைச் சேகரிப்போரைப் பார்த்து, தூய கலகக்காரரைச் சந்தைக்கு இழுத்துவந்துவிட்டனர் எனக் கண்டிப்போர் வரலாற்றை மறந்தவராவர். அத்தகைய தூய பொற்காலம் ஒருபோதும் இருந்ததில்லை. கண்டிக்கப்பட வேண்டியது வேறொன்று.

அது பழமையின் பெயரால் நடைபெறும் போலிமையாகும். 1978 ஆம் ஆண்டில் கென்னர் நிறுவனம் ஸ்டார் வோர்ஸ் திரைப்படப் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளாக வெளியிட்டது. வண்ணப்படம் அச்சிட்ட அட்டை, அதன்மீது ஒட்டிய பிளாஸ்ரிக் கூடு, அதனுள் கழுத்தும் தோள்களும் இடுப்பு மூட்டுகளும் மட்டும் அசையும் சிற்றுருவம் என்ற அமைப்பு அக்காலச் சிறுவர் உலகின் பொதுச்சொத்தாயிற்று. அந்த அளவையும் அட்டையையும் அசைவின் வறுமையையும் கூட அவ்வாறே பின்பற்றி, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சூப்பர் செவன் நிறுவனம் றீஅக்ஷன் என்ற வரிசையில் பொம்மைகளை விற்றுவருகின்றது. மோட்டர்ஹெட் குழுவின் லெமி, அயன் மெய்டன் குழுவின் சின்னமான எடி முதலியோர் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளனர்.

இவ்வரிசையின் தொடக்கம் நியாயமானதே. 'ஏலியன்' திரைப்படத்திற்காகக் கென்னர் 1979 ஆம் ஆண்டில் திட்டமிட்டு, பின்னர் கைவிட்ட சிற்றுருவங்களையே 2013 இல் சூப்பர் செவன் வெளிக்கொணர்ந்தது. தடைப்பட்டுப்போன ஒன்றை நிறைவுசெய்தல் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு. ஆனால் லெமியின் பொம்மைக்கு அத்தகைய வரலாறு எதுவுமில்லை. 1978 இல் எந்தச் சிறுவனும் அதனைக் கடைத்தட்டிற் கண்டதில்லை. எந்தத் தாயும் அதை வாங்கித்தர மறுத்ததில்லை. அவ்வாறிருக்க, அந்த அட்டையைக் கையிலெடுக்கும் நடுவயதினர் தம் இளமை மீண்டதென நெகிழ்கின்றனர். நிகழாத ஒன்றுக்கு நினைவு உற்பத்தி செய்யப்படுகின்றது. இசைஞரின் உருவத்தை விற்பது பழைய வாணிபம்; வாங்குவோரின் கடந்த காலத்தையே செய்து அவர்க்கு விற்பது புதிய வாணிபம்.

இவ்விடத்தில் பொருளாதாரத்தையும் நோக்குதல் வேண்டும். கென்னரின் பொம்மைகள் சிறியனவாயிருந்தமைக்கும் மூட்டுகள் குறைந்திருந்தமைக்கும் காரணம் அழகியலன்று. விண்கலங்களும் அவற்றிற்கேற்ப அடக்கமாயமைய வேண்டும். விலையும் சிறுவர் கைக்கெட்ட வேண்டும். அன்று ஒரு பொம்மை ஏறக்குறைய 2 டொலருக்கு விற்கப்பட்டது. இன்று றீஅக்ஷன் பொம்மை ஒன்று 20 டொலர் அளவில் விற்கப்படுகின்றது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது இருமடங்கு விலையாகும். அன்று சிக்கனத்தின் விளைவாயிருந்த குறைபாடு, இன்று பாவனையாகி, கூடுதல் விலையும் பெறுகின்றது.

லெமியின் பொம்மையே இதற்குத் தக்க சான்று. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் 1945 இற் பிறந்து 2015 இல் மறைந்த அக்கலைஞர், ஒலிவாங்கியைத் தம் முகத்திற்கு மேலே உயர்த்தி வைத்து, கழுத்தை நிமிர்த்தி, அண்ணாந்து பாடியவர். மேடையில் அவரை இனங்காட்டியது அந்நிலையே. பொம்மையின் கழுத்தோ இடமும் வலமும் மட்டுமே திரும்பும், மேல்நோக்கி நிமிராது. தொப்பியும் மீசையும் பிசகாமல் அமைந்திருக்க, பாடும் மனிதன் மட்டும் விடுபட்டுப் போகின்றான்.

சேகரிப்போரின் சார்பில் வால்ரர் பென்யமினைத் துணைக்கழைப்போர் உளர். பொருள்களைப் பயன்பாட்டின் தளையிலிருந்து சேகரிப்போன் விடுவிக்கின்றான் என்ற அவரது கருத்து அறிஞர் அறிந்ததே. ஆயின், 1931 இல் தம் நூல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பெட்டிகளைத் திறக்கும் செயலிலேயே தொடங்குகின்றது என்பதை அன்னோர் மறந்துவிடுகின்றனர். பென்யமினின் நூல்கள் ஏலங்களையும் நகரங்களையும் முன்னைய உடைமையாளரையும் கண்டு வந்தவை. அவற்றின் பழமை அவை வாழ்ந்து பெற்றது. றீஅக்ஷன் பொம்மையின் பழமையோ தொழிற்சாலையில் அச்சிடப்பட்டது. மேலும், அட்டை திறவாதவரைதான் அதற்கு மறுவிலை உண்டு என்பது இச்சேகரிப்பாளர் பலரின் விதி. விளையாட்டுப் பொருள்களைப் பற்றியும் எழுதிய அவ்வறிஞர், பொம்மைக்குப் பொருள் தருவது அதன் வடிவமன்று, குழந்தையின் விளையாட்டே எனக் கருதியவர். விளையாட்டையே விலக்கிய பொம்மைக்கு அவரைச் சாட்சியாக்குதல் பொருந்தாது.

எனினும் சேகரிப்போர் மூடரல்லர். இசைத்தட்டும் ஒலிநாடாவும் அருகி, பாடல்கள் கைபேசிவழி ஒழுகும் ஓசையாகிவிட்ட காலத்தில், தாம் நேசித்த இசையைத் தொட்டறிய ஒரு பொருள் வேண்டுமென அவர்கள் விழைகின்றனர். அவ்விழைவு உண்மையானது. அதற்குக் கிடைக்கும் விடைதான் பொய்யானது.

ஆகவே, சேகரிப்போர் பொம்மைகளை எறிந்துவிட வேண்டுமென்பதில்லை. அட்டையைக் கிழித்தாற் போதும். மறுவிலை அக்கணமே வீழும். போலி இளமையும் அதனுடன் வீழும். பின்னர் அது ஒரு குழந்தையின் கையிற் சேரட்டும், வண்ணம் உரியட்டும், ஒரு கை கழன்று தொலையட்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அக்குழந்தை அதனைத் தேடுமாயின், அத்தேட்டத்திற்கு உண்மையான நினைவொன்று அடிப்படையாய் இருக்கும்.