பில்லில் இருக்கும் பெயர்

செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தின் கூரையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. முப்பது சூரியத் தகடுகள். போன ஆண்டு சித்திரையில் ஏற்றியவை. ஐந்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று ஊர் சேர்ந்து கொடுத்த பணம். பூஜைக்கு வரும் பாட்டி ஒருவர் முறுக்கு விற்ற காசைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்றுவரை அந்தத் தகடுகளால் ஒரு விளக்கு எரியவில்லை.

கீழே பொருளாளர் அண்ணன் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். "தகட்டுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. பில்லுல இருக்கிறவரு கையெழுத்துப் போடணுமாம். அவரை எங்க போய்த் தேடுறது?" என்றார்.

மின்கட்டணப் பில்லில் இருப்பது தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியாக இருந்த ஒருவரின் பெயர். கோயில் இருந்த தோட்டம் கைமாறியபோது கோயிலுக்குத் தனி மீட்டர் வாங்க அவர் தம் பெயரைக் கொடுத்து உதவினார். அவர் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மாதாமாதம் கட்டணத்தைக் கோயில்தான் கட்டுகிறது. நிலமோ தோட்டத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. தகடு ஏற்றும்போது இதை எவரும் கேட்கவில்லை. தகடு பொருத்திய ஒப்பந்தக்காரரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

மலேசியாவில் கூரைச் சூரிய மின்சாரத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு மீட்டர், ஒரு கணக்கு, அதற்கு ஒரு பெயர் என்ற அடிப்படையில் அமைந்தவை. மிச்சமாகும் யூனிட்டுக்குக் கிடைக்கும் கழிவு பொதுவாக அந்தக் கணக்குக்கே போகும். நாங்கள் கிராணியின் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தபோதே, அப்போது நடப்பில் இருந்த 'நெம்' திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதி முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2026 ஜனவரி 1 முதல் 'சோலார் அத்தாப்' வந்திருக்கிறது. இதில் மிஞ்சிய யூனிட்டின் மதிப்பு அந்த மாதத்தோடு சரி, அடுத்த மாதத்துக்கு வராது. கோயிலின் மின்செலவு வீட்டைப் போல் சீரானதா? தைப்பூசத்திலும் ஆடியிலும் கொட்டும். மற்ற மாதங்களில் உச்சி வெயில் நேரத்தில் நடை சாத்தியிருக்கும். ஆகவே எத்தனை தகடு தேவை என்ற கணக்கையே மறுபடி போட வேண்டும். கூரைகளைக் குத்தகைக்கு எடுத்து அக்கம்பக்கத்துக்கு மின்சாரம் விற்கும் 'கிரீம்' திட்டத்தையும் அரசாங்கம் 2025இல் அறிவித்தது. அங்கேயும் கூரைக்கு உரியவர்தான் ஒப்பந்தம் போட வேண்டும்.

திட்டங்களைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் கூரை என்று பொருள்படும் 'அத்தாப்' என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து எனக்கு லயத்து ஞாபகம்தான். இரவு பத்து மணிக்குத் தோட்டத்து இன்ஜின் நிற்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் லயம் முழுக்க இருட்டு. அப்பா மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்திவிட்டு, சில இரவுகளில் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்ப்பார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். அவர் பெயர் அதில் அச்சாகியிருக்கும். அவர் பெயர் அச்சில் வந்த ஒரே காகிதம் அது என்று நினைக்கிறேன்.

அந்தச் சங்கத்தைக் கண்ட துன் சம்பந்தனைப் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதிவிட்டேன். இந்த வாரமும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் துண்டானால் வேலையும் லயமும் ஒரே நாளில் போகும். பள்ளியும் கோயிலும் எவரோ ஒருவர் பெயரிலான நிலத்தில் நிற்கும். இன்று எங்கள் கோயில் நிற்பதைப் போல.

1960இல் சம்பந்தன் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு அது பல நாள் கூலி. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார், சனங்கள் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது வேலை நடந்த வரிசை. நிலக் கிராண்டில் எழுதுவதற்குச் சட்டப்படி ஒரு பெயரை முதலில் உண்டாக்கினார். பிறகு பணம் திரட்டினார். அதற்குப் பிறகுதான் நிலம். தலைவர்கள் மாறலாம், இறக்கலாம். சங்கத்தின் பெயர் பத்திரத்தில் அப்படியே இருக்கும். கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியதும் இப்படித்தான். ஊராட்சி என்ற பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு வங்கி கடன் கொடுத்தது, ஊர் மின்சாரம் விற்றது.

நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். முதலில் தகடு, பிறகு விழா, கடைசியில் பெயர்.

ஜோகூரில் செடெனாக் பக்கம் எண்ணெய்ப்பனை நின்ற நிலத்தில் தரவு மையங்கள் எழும்புகின்றன. அவற்றுக்கு மின்சாரம் கேட்டுப் போகிறவர்கள் கையில் நிலப் பத்திரத்தோடு போகிறார்கள். நூறு ஆண்டு இந்த மண்ணில் பால் எடுத்தவர்களின் கோயில், செத்துப்போன ஒரு நல்ல மனிதரின் பெயரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜோகூர் முழுக்க இதே நிலையில் எத்தனை கோயில்கள், எத்தனை சமூக மண்டபங்கள் இருக்கும்? தனித்தனியாக அலைவதை விட்டு, மாவட்டத்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிந்து, மின்கணக்கையும் கூரைக் குத்தகையையும் அதன் பெயரில் கொண்டுவரலாம். 1960இல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்து காட்டிய வேலை இது.

உங்கள் கோயிலுக்கு இந்த மாதம் வந்த மின்கட்டணப் பில்லை நாளைக்கே வாங்கிப் பாருங்கள். மேலே யார் பெயர் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள். தகடு வாங்க உண்டியல் வைக்கும் முன் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள்.