முதல் தாவலோடு நின்றுவிடுகிறோம்

நம் மருத்துவமனையின் இணையதளம் திருத்தி அமைக்கப்படுகிறது. பரிசோதனைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வருவோருக்கான பக்கம் மிக நீண்டுவிட்டதால், அதைத் தாவல்களாகப் பிரிக்கலாம் என்பது முன்வைக்கப்பட்டுள்ள யோசனை. ‘அறிமுகம்’, ‘முன்னேற்பாடு’, ‘சிகிச்சை நாள்’, ‘வீடு திரும்பிய பின்’, ‘கட்டணமும் காப்பீடும்’ என ஐந்து தலைப்புகள் மேலே வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் அதற்குரிய பகுதி மட்டும் தோன்றும்; மற்ற நான்கும் மறைந்திருக்கும். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஆயினும் நோயாளியுடன் வந்து வராந்தாவில் காத்திருந்து பழகியவன் என்ற முறையில், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு எண்டோஸ்கோபி பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. அது வேறொரு மருத்துவமனை. முந்தின இரவு கைப்பேசியில் அவர்களது பக்கத்தைத் திறந்து படித்தேன். எளிய பரிசோதனை, அஞ்ச வேண்டியதில்லை, விரைவில் முடிந்துவிடும் என்று ஆறுதலாக எழுதியிருந்தனர். படித்து முடித்தேன், முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். விடியற்காலையில் பூதப்பாண்டியிலிருந்து பேருந்து ஏறும் முன் அம்மா ஒரு தம்ளர் பால் காப்பி அருந்தினார். போட்டுக் கொடுத்தவன் நான்தான். பரிசோதனை அறை வாசலில் செவிலியர் கேட்ட முதல் கேள்வியிலேயே அன்றைய பயணம் வீணாயிற்று. அடுத்த முறைக்குப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பத்து நாளும் அம்மா வயிற்று வலியோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்து அதே பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். எல்லாம் எழுதப்பட்டே இருந்தது, அடுத்த தாவலில். என் சிறிய திரையில் இரண்டு தலைப்புகளும் மூன்றாவதன் பாதியுமே தெரிந்தன. மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்த அவற்றை அலங்கார வரி என்று எண்ணிக் கடந்திருக்கிறேன். அதை எழுதியவர்மீது குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எழுதப்பட்டது வேறு, படிக்கப்பட்டது வேறு என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பால் காப்பி விஷயம் அற்பமானதன்று. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகவே பட்டினி விதிக்கப்படுகிறது. பொதுவான வழிகாட்டுதல்கள் தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும், இலேசான உணவுக்கு 6 மணி நேரமும் இடைவெளி கேட்கின்றன. பால் கலந்த பானம் உணவுக் கணக்கில் சேரும். நம் பக்கத்துக் கட்டன் சாயாவும் பால் காப்பியும் இங்கே ஒன்றல்ல என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? (உங்களுக்குரிய நேரத்தை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்; இதைப் படித்துவிட்டு யாரும் கட்டன் சாயா குடித்துவிட்டு வந்துவிட வேண்டாம்.)

தாவல் என்பது காகிதக் கோப்புகளிலிருந்து வந்த பழக்கம். பழைய தொலைபேசிக் குறிப்பேட்டில் ஓரமாக எழுத்துகள் வெட்டியிருக்குமே, அதுவும் தாவல்தான். முருகனின் எண் வேண்டுமென்றால் ‘மு’வைப் புரட்டினால் போதும், எதைத் தேடுகிறோம் என்பது நமக்கு முன்பே தெரியும். நோயாளியின் வீட்டார் நிலை அதற்கு நேர்மாறானது. தாம் எதை அறியாமல் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பட்டினி பற்றி ஒரு விதி உண்டு என்று அறிந்தவன்தானே ‘முன்னேற்பாடு’ என்பதைத் தொடுவான்?

பிரித்தானிய அரசின் இணையதள வடிவமைப்புக் கையேடு இதையே விதியாகச் சொல்கிறது: உள்ளடக்கம் முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியிருந்தால் தாவல்களைப் பயன்படுத்தாதீர், ஒரு பகுதியை இன்னொன்றுடன் ஒப்பிட வேண்டியிருந்தாலும் வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு முன், அன்று, பின் என்பது வரிசை அல்லாமல் வேறென்ன? கட்டணமும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குரிய குடும்ப அட்டை முதலிய ஆவணங்களும் சேர்க்கைக்கு வரும் நாளிலேயே கையில் இருக்க வேண்டியவை. அவற்றை ஐந்தாவது தாவலில் வைத்தால், ஊருக்குத் திரும்பி ஓட வேண்டியவர் நோயாளியின் மகனோ மகளோதான்.

வேறு இடர்களும் உண்டு. பக்கத்தை அச்சிட்டால் பெரும்பாலும் திறந்திருக்கும் தாவல் மட்டுமே தாளில் வரும். பக்கத்துக்குள் சொல் தேடினாலும் மறைந்த பகுதியில் உள்ளது அகப்படாது. நம் மாவட்டத்தில் மகன் மஸ்கட்டிலோ துபாயிலோ இருப்பான். அங்கிருந்து படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்புவான். தாய் திறக்கும்போது தோன்றுவது மீண்டும் அந்த முதல் தாவல்தான். சிக்னல் நலிந்த மலையோர ஊர்களில் பக்கத்தின் நிரல் முழுதும் இறங்காவிட்டால், தொட்டாலும் தாவல் திறக்காது. பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் படிக்கின்றனர். தாவலைத் தாவல் என்று அந்த மென்பொருளுக்கு உணர்த்தும் குறிகள் நிரலில் இல்லையெனில் அவர்களுக்கு அங்கே எதுவும் இல்லை. மின்னணு வடிவிலான தகவலும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் எதிர்பார்ப்பு.

தாவலே ஆகாது என்பதல்ல என் வாதம். நம்மிடம் பாறசாலைப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். ஒரே செய்தியைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று தாவல்களில் வைத்தால் அதைவிட வசதி வேறில்லை. ஒருவருக்கு ஒன்று போதும், மற்ற இரண்டையும் அவர் இழப்பதில்லை. புறநோயாளர் பிரிவின் கிழமைவாரி அட்டவணைக்கும் அது பொருந்தும்.

பக்கம் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்கின்றனர். மணிக்கணக்காகக் கைப்பேசியில் விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் மக்களைப் பார்த்தா இதைச் சொல்வது? நீளத்தைவிட ஒழுங்கின்மைதான் சலிப்பைத் தருகிறது. பக்கத்தின் தலையில் ‘எப்போது உணவை நிறுத்துவது, எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் கொண்டு வருவது’ என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் தாருங்கள். அதன் கீழே உள்ளடக்கப் பட்டியல். தொட்டால் அந்த இடத்துக்கு இறங்கட்டும். மற்றவை எல்லாம் திறந்தபடியே வரிசையாக இருக்கட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். புறநோயாளர் கூடத்தில் காத்திருக்கும் ஐந்து பேரிடம் இரு வடிவங்களையும் கைப்பேசியில் காட்டி, “நாளை காலை அம்மாவுக்குக் காப்பி கொடுக்கலாமா?” என்று மட்டும் கேளுங்கள்.